யப்பானுக்கு முற்றானவள்

அக்காவிடம் யாராவது மனம் நோகிற மாதிரி ஒன்றைக் கேட்டால் அவள் யப்பான் மொழியில் பதில் சொல்வாள். கேட்டவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, "அர்த்தம் சொல்லட்டே?" என்று தானே கேட்டு, தமிழில் ஒரு அர்த்தமும் சொல்வாள். அந்த அர்த்தம் ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. இது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் அந்த நாட்களில் அவளிடம் கேட்பதற்கு எல்லாரிடமும் ஒரே கேள்விதான் இருந்தது. கோயில் வீதியில், செத்த வீட்டில், சங்கக்கடை வரிசையில், வெங்காயத் தோட்டத்து வரம்பில், எங்கே கண்டாலும் கேட்பார்கள்.

"எப்ப பிள்ளை யப்பானுக்குப் பயணம்?"

அக்கா பின்னலை முதுகுப்பக்கம் எறிந்துவிட்டு நிமிர்ந்து நிற்பாள்.

"யூபின்கியோக்கு வா தொக்கோ தெஸ்கா."

"ஐயோ, என்ன பிள்ளை உது!"

"அர்த்தம் சொல்லட்டே? விசா வந்த உடனை வெளிக்கிடுறன், நீங்களும் வழியனுப்ப வரவேணும் எண்டு சொன்னனான்."

கேட்டவருக்கு மனம் குளிர்ந்துவிடும். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு போவார். அக்கா உண்மையில் கேட்டது, தபால் கந்தோர் எங்கே இருக்கிறது என்று. யப்பான் மொழி படிக்கிற கசெற்றில் மூன்றாம் பாடத்தில் வருகிற வசனம் அது. முதலில் எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. பிறகு பிறகு, அவள் வாயைத் திறந்ததுமே நான் நிலத்தைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

எண்பத்தாறாம் ஆண்டு அக்காவுக்குக் கலியாணம் முற்றாகியது. எங்கள் பக்கத்தில், பொருத்தம் பார்த்து, இரண்டு வீட்டாரும் பேசி ஒப்புக்கொண்டுவிட்டால் முற்றாச்சு என்பார்கள். தாலி ஏறாவிட்டாலும் பெண் அதோடு இன்னொரு வீட்டுக்காரி. மாப்பிள்ளை பெயர் குணசீலன். ஊரில் எல்லாருக்கும் சுவிஸ், ஜெர்மனி, கனடா என்று மாப்பிள்ளைகள் அமைய, எங்களுக்கு மட்டும் யப்பானில் அமைந்தது. அங்கே ஏதோ கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை. லீவில் வந்த ஒரு சிநேகிதனிடம், மொழி படிக்கிற புத்தகம் ஒன்றும் கசெற் இரண்டும் அக்காவுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அக்கா அந்தப் புத்தகத்தைப் பிடித்த பிடி, சோதனைக்குப் படித்த காலத்திலும் நான் காணாதது. வெங்காயம் பிடி கட்டும்போது வாய் முணுமுணுக்கும். அரிசி களையும்போது முணுமுணுக்கும். அகப்பையைத் தூக்கி அதன் பெயரைச் சொல்லுவாள், உப்புச் சிரட்டையைத் தூக்கி அதன் பெயரைச் சொல்லுவாள்.

"உவளுக்கு விசர் பிடிச்சுப்போச்சு" என்பார் அம்மா, சந்தோஷமாக.

"அங்கை போய் ஊமைச்சி மாதிரி நிக்கேலாது அம்மா. மீன் வாங்கப் போனால் விலை கேக்கத் தெரிய வேணும். பக்கத்து வீட்டுக்காரியோடை ரெண்டு வார்த்தை கதைக்க வேணும். எல்லாத்துக்கும் அவரையே பாத்துக்கொண்டு நிக்கிறது?"

அவள் யப்பான் மொழி படித்த முதல் காரணம் இதுதான். அது நல்ல காரணம், நேர்மையான காரணம். அது ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் மாப்பிள்ளையின் சித்தப்பா சைக்கிளில் வந்தார். முற்றத்து வேம்பின் கீழ் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல், சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். அம்மா கொடுத்த மோரையும் வாங்கவில்லை.

"பெடியன் அங்கை ஒரு யப்பான்காரியை எழுதிக் கலியாணம் முடிச்சுப்போட்டானாம். எங்களுக்கே இப்பதான் தெரியும். எந்த முகத்தோடை வந்து சொல்லுறதெண்டு ரெண்டு மூண்டு நாளா யோசிச்சனான்."

எங்கள் அப்பா, நாங்கள் ஐயா என்று கூப்பிடுகிறவர், சைக்கிளின் பின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஐயா தோட்டத்தில் மாடுகளோடு பேசுவார், மனிதர்களோடு பேச்சுக் குறைவு. சித்தப்பா போகும்போது, தங்கள் வீட்டிலும் கலியாணமாகாத ஒரு குமர் இருக்கிறது, விஷயம் வெளியில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கொஞ்சக் காலத்தில் அந்தக் குடும்பமே கொழும்புக்குப் போய்விட்டது. குணசீலன் என்ற பெயரை எங்கள் வீட்டில் அதன் பிறகு யாரும் சொல்லவில்லை.

அக்கா புத்தகத்தை மூடிவைத்தாள். சில நாட்கள் வீட்டில் சத்தமே இல்லை. பிறகு பக்கத்து வளவுப் பரிமளம் மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன, பிள்ளையின்ரை பாடச் சத்தத்தைக் காணேல்லை? ஏதும் சுகமில்லையோ?"

"தடிமன், மாமி" என்றேன் நான், முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள்.

குசினிக்குள் இருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தானே கசெற்றைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினார். யப்பான்காரியின் குரல் வேலி தாண்டிப் போயிற்று. மாமி திருப்தியாக இறங்கிப் போனார். அம்மா அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"உனக்குக் கீழை ஒருத்தி நிக்கிறாள். மூத்தவளின்ரை சம்பந்தம் குழம்பிப் போச்செண்டு தெரிஞ்சால் உவளை ஆர் கேட்டு வருவினம்? என்ன குறையோ, ஏது குறையோ எண்டு நாலு பேர் நாலு விதமாக் கதைப்பினம்."

"எவ்வளவு நாளைக்கம்மா?"

"வதனியின்ரை கழுத்திலை தாலி ஏறுமட்டும்."

வதனி நான்தான். விளக்குமாறோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு கசெற்றோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினாள். யூபின்கியோக்கு வா தொக்கோ தெஸ்கா. அவள் யப்பான் மொழி படித்த இரண்டாவது காரணம் நான்.

பொய்க்காகப் படிக்கிறவர்கள் ஒப்புக்குப் படிப்பார்கள். அக்காவுக்கு அது வராது. இரண்டு கசெற்றும் மனப்பாடமான பிறகு, யப்பானில் படித்துவிட்டு வந்த ஒரு விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவரும் மனைவியும் ஆச்சரியப்பட்டுப் போனார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வரத் தொடங்கினாள். கோப்பாய்ப் பக்கம் ஆமிக்காரர் நின்று, பாதை மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்த காலம் அது. போக முடிந்த ஞாயிறெல்லாம் போனாள். அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது ஒரு பெரிய அகராதியையும் கொஞ்சப் பாடப்புத்தகங்களையும் அவளுக்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்ட் நின்றது. அரசாங்கம் பற்றறியையும் யாழ்ப்பாணத்துக்குள் வர விடாது. எல்லாரையும்போல நாங்களும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றி ரேடியோப் பெட்டியைப் பாடவைத்தோம். ஊரில் மற்றவர்கள் செய்தி கேட்கச் சுற்றினார்கள். நாங்கள் யப்பான் மொழிக்குச் சுற்றினோம். சுற்றுகிறது என் வேலை. கை வலித்து வேகம் குறைந்தால் யப்பான்காரியின் குரல் இழுபட்டு இழுபட்டு, தொண்டை கட்டிய ஆம்பிளைக் குரலாகிவிடும். "சுத்தடி, சுத்தடி, அந்த மனுசி சாகப் போகுது" என்று அக்கா சத்தம் போடுவாள். இரண்டுபேரும் சிரித்து உருளுவோம். அவளோடு அப்படிச் சிரித்தது அந்தக் காலத்தில் மட்டும்தான்.

அப்படி ஒருநாள் கேட்டேன்.

"பொய்க்குத்தானே அக்கா படிக்கிறாய். ஊருக்குச் சத்தம் கேட்டால் காணும். உவ்வளவு பாடுபட்டு ஏன்?"

அவள் கசெற்றை வெளியே எடுத்து, தளர்ந்திருந்த நாடாவைச் சுண்டுவிரலால் சுற்றி இறுக்கினாள்.

"தமிழிலை வாயைத் திறந்தால் பொய்தான் வதனி வருகுது. விடிஞ்சால் பொழுதுபட்டால் பொய். உதிலை மட்டும் தபால் கந்தோர் எங்கை எண்டு கேட்டால், தபால் கந்தோர் எங்கை எண்டுதான் கேக்கிறன்."

அது மூன்றாவது காரணம். அன்றைக்கு எனக்கு அது சரியாக விளங்கவில்லை. பெடலைச் சுற்றத் தொடங்கினேன்.

தொண்ணூற்றொன்றில் நீர்வேலியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாத்தியார். வாத்தியார் மாப்பிள்ளை என்றால் அம்மாவுக்கு நிலத்தில் கால் நிற்காது. முதல்நாளே எல்லாம் திட்டம் பண்ணிவிட்டார். அக்கா அறைக்குள் இருந்து படிக்க வேண்டும், விறாந்தையில் இருக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும். நான் பலகாரத் தட்டோடு வரவேண்டியவள். அப்படியென்றால் சைக்கிளைச் சுற்றுவது யார்?

ஐயாதான் சுற்றினார். குசினிக்குப் பின்னால், வாழைக்குக் கீழே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து சுற்றினார். வயலில் நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற மனிதர், அந்தப் பெடலைச் சுற்றப் பழக்கமில்லாமல் திணறினார். விறாந்தையில் என் வருங்கால மாமியார் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தார்.

"உதென்ன, பொம்பிளைக் குரல் ஆம்பிளைக் குரலா மாறுது?"

அம்மா கண்ணே இமைக்கவில்லை. "அது அங்கத்தைப் பெரிய வாத்தியார். இடைக்கிடை அவர்தான் வந்து பாடம் எடுக்கிறவர்."

"மூத்தவவின்ரை அலுவல் எந்தளவிலை?"

"அது எப்பவோ முற்றாச்சு. பாதை திறக்கிற அண்டைக்குப் பயணம்."

தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போன நான் யன்னலால் பார்த்தேன். ஐயாவின் மொட்டைத் தலையிலிருந்து வியர்வை ஒழுகி மூக்கு நுனியில் சொட்டியது. என்னைக் கண்டதும், திருட்டுத்தனம் பிடிபட்ட மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சுற்றினார். என் கலியாணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது அந்தச் சிரிப்புத்தான். மேளச்சத்தமும் கூறைச் சேலையும் பிறகுதான்.

அதோடு முடியவில்லை. நாங்கள் இருந்த கல்வீடு அம்மாவின் சீதன வீடு. எங்களில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. அது மூத்தவளுக்கு என்பது நாங்கள் பிறந்த நாளிலிருந்து வீட்டில் உள்ள பேச்சு. நீர்வேலியார் வீட்டைப் பற்றிக் கேட்டபோது அம்மா தடுமாறினார். அறைக்குள்ளிருந்து அக்கா வெளியே வந்தாள்.

"அதுக்கென்ன, வதனிக்கு எழுதுங்கோ. எனக்கு யப்பானிலை வீடு கிடக்கெல்லே?"

என் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல பகிடிக்காரி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாதது.

வீடு எனக்கு எழுதப்பட்டது. நானும் அவரும் பெரிய அறையில் குடியேறினோம். அக்கா, வெங்காயப் பிடிகள் கூரை வளையில் தொங்குகிற பின்னறைக்குப் போனாள். அதன்பிறகு அவள் தலைமயிரில் எப்போதும் ஒரு வெங்காய மணம் இருந்தது. தாலி ஏறுமட்டும் என்று அம்மா சொன்ன கெடு முடிந்துவிட்டது. ஆனால் இப்போது உண்மையைச் சொன்னால், பொய் சொல்லித் தங்கள் பிள்ளையைக் கட்டிவைத்தார்கள் என்று நீர்வேலியார் கேட்பார்களே? என் மாமியார் கேட்கத் தயங்குகிறவர் இல்லை. ஆகவே அக்கா தொடர்ந்து யப்பானுக்குப் போகப் போகிறவளாகவே இருந்தாள். ஐயா தொண்ணூற்று மூன்றில் காலமானார். செத்த வீட்டுக்கு வந்தவர்களும், "தகப்பன் உன்னை வழியனுப்பாமலே போட்டாரே" என்றுதான் அழுதார்கள். அன்று அவள் யப்பான் மொழியில் எதுவும் சொல்லவில்லை.

ஊருக்கு உண்மை தெரியாமலா இருந்திருக்கும் என்று இன்று யோசிக்கிறேன். சிலருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் கேட்பதை யாரும் நிறுத்தவில்லை.

ஒருமுறை கோயில் திருவிழாவில், நான் பிள்ளைத்தாய்ச்சி. அக்கா ஒரு பக்கம், மாமியார் மறுபக்கம், நடுவில் நான். அச்சுவேலியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் அக்காவுக்கு அருகில் வந்து அமர்ந்தார். நல்ல முகம். பேச்சும் மெதுவானது.

"குறை நினையாதையும் பிள்ளை. உம்மடை பயணம் இழுபட்டுக்கொண்டு போகுதெண்டு கேள்வி. என்ரை தம்பிக்கு மனுசி செத்து நாலு வருசம். பிள்ளையள் இல்லை. உம்மை ரெண்டொருக்கால் கண்டிருக்கிறான். உமக்கு மனமிருந்தால் நான் அம்மாவோடை வந்து கதைக்கிறன்."

அந்த ஆளை எனக்கும் தெரியும். விவசாயக் கந்தோரில் வேலை, ஐயா இருந்த காலத்தில் தோட்டத்துக்கு வந்தால் அவரோடு மணிக்கணக்காக நிற்பார். ஐயாவே அவரோடு பேசுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அப்பால் காதைத் தீட்டிக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்தாள். ஓம் என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் யப்பானில் ஒருவரும் இல்லை என்பது அந்த இடத்திலேயே வெளிச்சமாகியிருக்கும். நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காசா கா அரிமாசென்" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் விளங்காமல் விழித்தார்.

"அர்த்தம் சொல்லட்டே? எனக்கெண்டு ஒருத்தர் அங்கை காத்துக்கொண்டிருக்கிறார் எண்டு சொன்னனான்."

அவர் அக்காவின் கையைப் பிடித்து ஒருமுறை தடவிவிட்டு எழுந்து போனார். "பார், சொன்ன சொல் மாறாத பிள்ளை" என்று என் மாமியார் என் காதில் சொன்னார். என்னிடம் குடை இல்லை என்பதுதான் அக்கா சொன்னதின் அர்த்தம். ஏழாம் பாடம். மழையில் நிற்கிற ஒருத்தி சொல்வது. நான் எத்தனை தரம் பெடல் சுற்றிக் கேட்ட வசனம்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வெளிநாட்டுக்காரர் சிலர் யாழ்ப்பாணத்துக்குள் வந்து போனார்கள். அப்படி, கிணற்றுத் தண்ணியைச் சோதிக்கிறதற்கு நிலாவரைக்கு ஒரு யப்பான்காரர் வந்திருக்கிறார் என்ற செய்தி ஒருநாள் காலை ஊருக்குள் வந்தது. நிலாவரை எங்களுக்குக் கிட்ட. ஆழம் தெரியாத கிணறு என்று பெயர் எடுத்தது. ஊர் அதைக் கேட்டதும் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தது.

"எங்கடை பிள்ளை இருக்கேக்கை அந்தாள் ஏன் கொழும்பிலையிருந்து மொழிபெயர்ப்புக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வரவேணும்?" பரிமளம் மாமி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு பத்துப் பதினைந்து சனம்.

அம்மாவின் முகம் வெளிறிப் போயிற்று.  அக்கா ஒரு யப்பான்காரரோடு வாழ்க்கையில் பேசியதில்லை. படித்ததெல்லாம் தேய்ந்த கசெற்றிலும் பழைய புத்தகத்திலும். அந்த மனிதருக்கு விளங்காமல் போனால், இத்தனை வருஷப் பொய்யும் கிணற்றடியில் வைத்துக் கிழிந்துவிடும். "தலையிடி எண்டு சொல்லக்கா" என்று குசுகுசுத்தேன். அவள் கேட்கவில்லை. தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் நடந்தாள்.

யப்பான்காரர் வயது போனவர். வெள்ளைத் துணித் தொப்பி, கையில் சின்னச் சின்னப் போத்தல்கள். அருகில் கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பெடியன் ஒருவன் ஆங்கிலத்தில் அவருக்கும் தமிழில் எங்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு யப்பான் மொழி தெரியாது. அக்கா போய் நின்று, குனிந்து, ஏதோ சொன்னாள். அந்த மனிதரின் கையிலிருந்த போத்தல் அப்படியே நின்றுவிட்டது. அவர் வேகமாக ஏதோ கேட்டார். அக்கா கையால் மெதுவாக என்று காட்டினாள். அவர் மெதுவாகக் கேட்டார். அக்கா பதில் சொன்னாள். அவருக்கு விளங்கியது! சனம் கைதட்டியது. அம்மா அப்படியே கிணற்றுக் கட்டில் அமர்ந்துவிட்டார். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து எங்களோடு நின்ற என் மாமியார், ஏதோ தானே பெற்று வளர்த்த மாதிரி, நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அவர் அந்தப் பெடியனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவன் எங்களுக்கும் கேட்கிறாற்போல உரத்துச் சொன்னான்.

"யப்பான் ஆக்கள் ஒருத்தரும் இல்லாத இந்த இடத்திலை ஏன் யப்பான் மொழி படிச்சனீங்கள் எண்டு கேக்கிறார்."

சனம் இன்னும் கிட்ட நெருங்கியது. விசா, பயணம், மாப்பிள்ளை என்று பதில் எல்லாருக்கும் தெரியும். அதை யப்பான் மொழியில் கேட்க ஆசை.

அக்கா பேசத் தொடங்கினாள். தமிழில் பேசுகிறவளைப்போல மளமளவென்று வரவில்லை. நின்று, தேடி, ஒரு சொல்லை எடுத்து, அடுத்ததைத் தேடி. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதில் திடீரென்று ஒரு சொல் என்னை அறைந்தது. குணசீலன். எட்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அம்மாவும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பிறகு 'இமோத்தோ' என்றாள். தங்கச்சி என்று அர்த்தம், குடும்பத்தைப் பற்றிய பாடத்தில் வருகிறது. அதோடு என் பக்கம் கையைக் காட்டி, வதனி. பிறகு அவள் வலக் கையை முன்னே நீட்டி, காற்றில் வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். பெடல். குனிந்திருந்து சுற்றுகிற மாதிரி முதுகை வளைத்தும் காட்டினாள். ஐயா.

சனம் சிரித்தது. "கரண்ட் இல்லாமல் சைக்கிள் சுத்திப் படிச்ச கதையைச் சொல்லுறா" என்று பரிமளம் மாமி விளக்கம் கொடுத்தார். அக்கா சிரிக்கவில்லை. கையை எங்கள் வீட்டுப் பக்கம் நீட்டினாள், நெஞ்சைத் தொட்டாள், கையை விரித்தாள். அதில் எங்கேயோ 'காசா' என்பதும் வந்தது. குடை. இத்தனை வருஷமும் யாரிடமிருந்து மறைத்தாளோ அந்தச் சனத்தின் நடுவில் நின்று, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் அங்கொரு சொல்லும் இங்கொரு சொல்லுமாக, போதுமான அளவுக்கு விளங்கியது.

அவள் முடித்தாள். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். கூட்டத்தில் தேடி, அக்கா காட்டிய திசையில் நின்ற என்னைக் கண்டுபிடித்தார். என் இடுப்பில் பிள்ளை இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இருக்கவில்லை, அதுதான் பெரிய தண்டனை. அந்தக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பார்களே, அப்போதே அதற்குள் இறங்கிவிடலாம்போல இருந்தது எனக்கு.

கொழும்புப் பெடியன் ஆவலோடு அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டான்.  இனி இவர் சொல்லுவார், இவன் தமிழில் சொல்லுவான், மாமியார் கேட்பார். அவர் பெடியனைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், கடைசியாக அக்காவைப் பார்த்தார். சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"மெத்த நல்ல காரணம் எண்டு சொல்லுறார்" என்றான் அவன்.

அக்காவை நோக்கி அவர் இடுப்பு மடிய வணங்கினார். பிறகு என் பக்கம் திரும்பியும் ஒருமுறை தலை குனிந்தார். போகும்போது அக்காவைத் தனியக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என் மாமியாருக்கு அன்று முழுக்கக் கால் நிலத்தில் பாவவில்லை. "கண்டியளே, வெளிநாட்டுக்காரன் எங்கடை மருமேளுக்கும் மரியாதை செய்தவன்" என்று நீர்வேலி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்ட ஆட்களுக்கெல்லாம் அவள் வழக்கம்போல அர்த்தம் சொன்னாள். எங்கள் ஊர்த் தண்ணி நல்ல ருசி, யப்பானுக்கும் கொண்டுபோகப் போகிறேன் என்றாளாம்.

அன்று பின்னேரம் அவள் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தண்ணி அள்ளிக்கொண்டிருந்தாள். நான் குடத்தோடு போனேன். அவள் வாளியைக் கவிழ்த்து என் குடத்தை நிரப்பினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னக்கா சொன்னனீ அந்தாளுக்கு?"

"தபால் கந்தோர் எங்கை எண்டு கேட்டனான்."

"என்ரை பேர் கேட்டுது."

வாளி கிணற்றுக்குள் பாதியில் நின்றது. "கேட்டதோ? அப்ப அவருக்கும் வடிவா விளங்கியிருக்கும்."

"அந்தாள் போகேக்கை உனக்கு ஏதோ சொன்னவரே? தனியக் கூப்பிட்டு?"

"ஓம்."

கயிற்றை இழுத்து வாளியை மேலே எடுத்தாள். தண்ணி தளும்பி அவள் காலில் ஊற்றியது. என் முகத்தை நேராகப் பார்த்து, யப்பான் மொழியில் ஒரு சின்ன வசனம் சொன்னாள். கசெற்றில் இல்லாத வசனம், நான் எந்தப் பாடத்திலும் கேட்காதது. நான் காத்துக்கொண்டு நின்றேன். அர்த்தம் சொல்லட்டே என்று அவள் கேட்கவில்லை. தன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

சொல்லு அக்கா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்?